பிள்ளையை எந்த ஸ்கூல்ல போடறதுங்க? எல்லையோரத்துல அடிக்கடி கேக்கற கேள்விங்க

கேரளா பாலக்காடு ஜில்லாவுல, தமிழ்நாட்டு எல்லைய ஒட்டின கொழிஞ்சாம்பாறை பக்கம் அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கற கடை வெச்சிருக்கேன், போதாக்குறைக்கு ஸ்கூல் பெற்றோர் ஆசிரியர் கழகத்துலயும் (பிடிஏ) இருக்கேன். அதனால ஏப்ரல் கடைசில இருந்து ஜூன் முடியற வரைக்கும் பிறப்புச் சான்று நகல் எடுக்க வர்றவங்க, ஆதார்ல பேரு திருத்த வர்றவங்க எல்லாரும் கேக்கறது ஏறக்குறைய ஒரே சங்கதிதான். வேலந்தாவளம், வண்ணாமடை, எருத்தேம்பதி, கோபாலபுரம்னு ஊரு மாறும், கேள்வி மாறாது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் இங்க எழுதி வெச்சுட்டேன். கேள்வியெல்லாம் அவங்கவங்க கேட்ட மாதிரியே இருக்கு. சித்தூர்னு வந்தா நம்ம பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராக்காரங்க சித்தூரைச் சொல்றப்ப தனியாச் சொல்லிடுவேன்.

எந்த ஸ்கூல்ல வேணா போடலாம்னுதானே இப்பவும் இருக்கு, அப்பறம் என்னங்க புதுசா ஸ்கூல் சாய்ஸு?

காசு இருக்கற வீட்டுக்கு அது எப்பவும் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. காலைல ஏழே காலுக்கு கோபாலபுரம் செக்போஸ்ட் கிட்ட நின்னு பாருங்க, மஞ்ச வேன் ஒண்ணு பின்னாடி ஒண்ணா பொள்ளாச்சி பக்கம் போகும், டை கட்டின புள்ளைங்க தூங்கி வழிஞ்சுட்டு உக்காந்திருக்கும். அந்த வேன்ல ஏத்திவிடற அப்பா அம்மாவுக்கு சாய்ஸ் இருக்கு. அதே ரோட்டோரம் தென்னந்தோப்புல தேங்கா பொறுக்கற வீட்டுக்கு, நடந்து போற தூரத்துல என்ன இருக்கோ அதுதான், அங்க கணக்கு டீச்சர் போஸ்ட் காலியா கெடந்தாலும் அதுதான்.

ஸ்கூல் சாய்ஸ்னு நாங்க கேக்கறது அந்த ரெண்டாவது வீட்டுக்கும் அந்த உரிமை வேணும்னுதான். ஒரு புள்ளை படிக்க அரசாங்கம் செலவு பண்ற பணம், அந்தப் புள்ளை எந்த ஸ்கூலுக்குப் போகுதோ அங்க போய்ச் சேரணும். எந்த ஸ்கூல், எந்த மீடியம்னு பெத்தவங்க முடிவு பண்ணணும். ஆனா இந்தப் புள்ளை வேணாம்னு தள்ளற உரிமை எந்த ஸ்கூலுக்கும் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி வரிய விட்டுட்டு முதல் ரெண்ட மட்டும் பேசறவங்ககிட்ட உஷாரா இருங்க.

வவுச்சர்னு சொல்றாங்களே, அது காசா கைல குடுப்பாங்களா?

நாட்டுக்கு நாடு வேற வேற. 1955ல மில்டன் ஃப்ரீட்மன்னு அமெரிக்கப் பொருளாதாரக்காரர் எழுதினதுல இருந்து இந்தப் பேச்சு ஆரம்பம். அரசாங்கம் ஸ்கூல் நடத்தணும்னு கட்டாயம் இல்ல, பெத்தவங்களுக்கு ஒரு சீட்டு குடுத்தாப் போதும், அவங்க புடிச்ச ஸ்கூல்ல அதக் குடுப்பாங்கன்னாரு. சிலி நாட்டுல 1981ல இருந்தும் ஸ்வீடன்ல 1992ல இருந்தும் அந்த மாதிரி நடக்குது. அங்க பெத்தவங்க கைல காசு வராது, தலைக்கு இவ்வளவுன்னு ஸ்கூலுக்குப் போயிடும்.

நம்ம பக்கத்துல கையிலயே குடுத்தது ஆந்திரா. 2020 ஜனவரில ஆந்திராச் சித்தூர் டவுன்லதான் அம்மா ஒடி திட்டத்தத் தொடங்கினாங்க, வருஷம் 15,000 ரூபா அம்மா அக்கவுண்ட்ல, புள்ளை கவர்மென்ட்ல படிச்சாலும் பிரைவேட்ல படிச்சாலும் உண்டு, வருகை மட்டும் 75% இருக்கணும். ஆட்சி மாறினப்பறம் 2025ல அது தல்லிக்கி வந்தனம்னு பேரு மாறி, வீட்டுக்கு ஒரு புள்ளைன்னு இருந்தது படிக்கிற எல்லாப் புள்ளைக்கும்னு ஆச்சு, அந்த 15,000ல 2,000த்த ஸ்கூல் பராமரிப்புக்குப் புடிச்சுக்கறாங்க. சுத்தமான வவுச்சர்னு அதச் சொல்ல முடியாது, அந்தக் காசுல சீட்டுக் கட்டினாலும் யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா ஸ்கூல் ஃபீஸுக்கு ஒரு அம்மா யார்கிட்டயும் கடன் கேக்காம இருக்க முடியுதுன்னா அது சின்ன விஷயம் இல்லீங்க.

எங்க கேரளாவுல இது எதுவும் இல்லியே?

பேரு இல்ல, சங்கதி இருக்கு. எய்டட் ஸ்கூல்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. நடத்தறது தனியார் மேனேஜ்மென்ட், சர்ச்சோ டிரஸ்ட்டோ ஒரு தனி ஆளோ. டீச்சர் சம்பளம் மொத்தமும் அரசாங்கம். புள்ளைக்கு ஃபீஸ் கெடையாது. கேரளாவுல கவர்மென்ட் ஸ்கூல விட எய்டட் ஸ்கூல் எண்ணிக்கைதான் எச்சு. நெதர்லாந்துல 1917ல இருந்து அரசியல் சாசனத்துலயே இப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க, மதம் சார்ந்த ஸ்கூலுக்கும் அரசு ஸ்கூலுக்கும் ஒரே மாதிரி பணம். நாம அதே வண்டிலதான் பல வருஷமாப் போயிட்டு இருக்கோம், வண்டி பேரு தெரியல அவ்வளவுதான்.

கோளாறு எங்கன்னா, சம்பளம் குடுக்கறது அரசாங்கம், ஆள் போடறது மேனேஜர். போஸ்டிங்குக்கு எவ்வளவு கை மாறுதுன்னு டீக்கடைல கேட்டாலே ரேட்டு சொல்லுவாங்க. 1957ல கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி கொண்டு வந்த கல்வி மசோதா, அரசு வேலைக்கு ஆள் எடுக்கற தேர்வாணையம் (பிஎஸ்சி) லிஸ்ட்ல இருந்துதான் டீச்சர எடுக்கணும்னு சொல்லுச்சு, அதுக்குக் கெளம்பின எதிர்ப்பும் சேந்துதான் 1959ல அந்த மந்திரிசபையே போச்சு, பின்னாடி வந்தவங்க அந்தப் பிரிவ மாத்திட்டாங்க. இப்ப யாரு ஆட்சிக்கு வந்தாலும் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கறதில்ல.

நீங்க பிரைவேட் ஸ்கூலுக்கு ஆள் புடிக்கிறவரா? நேராச் சொல்லுங்க.

இல்ல. என் பசங்க ரெண்டு பேரும் கவர்மென்ட் தமிழ் மீடியம்தான். எனக்குக் கமிஷன் எதுவும் வர்றதில்ல, ஜெராக்ஸுக்கு ரெண்டு ரூபா வாங்கறேன், அதோட சரி.

நான் கேக்கற சாய்ஸ்ல கவர்மென்ட் தமிழ் மீடியமும் ஒரு சாய்ஸா உயிரோட இருக்கணும். தமிழ் மீடியம் வகுப்புப் பிரிவையே, அதாவது டிவிஷனே மூடிட்டாங்கன்னா அதுல சேரலாம்ங்கற உரிமைய வெச்சு என்ன பண்றது? சாய்ஸ் சாய்ஸ்னு பேசறவங்க பாதிப் பேரு இங்கிலீஷ் மீடியம் சிபிஎஸ்இ-ய மனசுல வெச்சுட்டுத்தான் பேசறாங்க. எல்லையோரத்துல நெலமை தலைகீழ், இங்க தேடினாலும் கெடைக்காத சாய்ஸ் சொந்த பாஷைல படிக்கறதுதான்.

பிரைவேட்ல போட்டா பையன் நல்லாப் படிப்பான்ல? எங்க மச்சினிச்சி புள்ளை இங்கிலீஷ்ல பொளந்து கட்டறான்.

இதுக்கு ஆந்திராவுலயே ஒரு பெரிய சோதனை நடந்திருக்கு. 2008ல ஆரம்பிச்சு 4 வருஷம், தெலங்கானா பிரியறதுக்கு முந்தி, 180 கிராமத்துல. கவர்மென்ட் ஸ்கூல்ல இருந்த புள்ளைங்கள்ல விருப்பப்பட்டவங்கள குலுக்கல்ல எடுத்து வவுச்சர் குடுத்து பிரைவேட்ல சேத்தாங்க. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ரெண்டு பேரும் ஆராய்ச்சி பண்ணி 2015ல வெளியிட்டாங்க. குலுக்கல்ங்கறதால வசதியான வீட்டுப் புள்ளைய ஏழை வீட்டுப் புள்ளையோட ஒப்பிடற கோளாறு இதுல இல்ல.

முடிவு என்னன்னா, தெலுங்குலயும் கணக்குலயும் பிரைவேட்டுக்குப் போன புள்ளைக்கும் போகாத புள்ளைக்கும் வித்தியாசம் இல்ல. இந்தில மட்டும் பிரைவேட் புள்ளைங்க நல்ல மார்க்கு, ஏன்னா கவர்மென்ட்ல அந்த வயசுக்கு இந்தி பாடம் பெருசா நடத்தறதில்ல. ஆக பிரைவேட் ஒண்ணும் மந்திரம் போடல. ஆனா இன்னொண்ணும் தெரிஞ்சுது, அதே படிப்ப பிரைவேட்காரங்க ஒரு புள்ளைக்கு கவர்மென்ட் செலவழிக்கறதுல சுமார் மூணுல ஒரு பங்கு காசுல குடுத்தாங்க, தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைவான நேரமே ஒதுக்கியும் மார்க்கு எறங்கல. இந்த முதல் பாதிய பிரைவேட் எதிர்ப்பாளருங்க சொல்லுவாங்க, ரெண்டாம் பாதிய பிரைவேட் ஆதரவாளருங்க சொல்லுவாங்க, ரெண்டையும் சேத்துப் படிக்கணும். இன்னொரு விஷயம், தெலுங்கு மீடியத்துல இருந்து நடுவுல இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறின புள்ளைங்க மத்த பாடத்துல தடுமாறின மாதிரியும் தெரியுது. உங்க மச்சினிச்சி புள்ளை இங்கிலீஷ்ல பேசறான் சரி, பின்னத்துல கழித்தல் போடச் சொல்லிப் பாருங்க, போட்டான்னா சந்தோஷம்.

தமிழ் மீடியத்துல படிச்சா நாளைக்கு கேரளாவுல என்ன வேலை கெடைக்கும்?

இந்த ஒரு பயத்துலயே பாதி புள்ளைங்க போயிடுது, அதனால கொஞ்சம் விவரமாச் சொல்றேன். கேரளா பாடப்புத்தகம் தமிழ்லயும் கன்னடத்துலயும் அச்சாகுது. எஸ்எஸ்எல்சி கேள்வித்தாள் தமிழ்ல வருது. சித்தூர் கவர்மென்ட் காலேஜ்ல தமிழ்த்துறை இருக்கு. பிஎஸ்சில எல்பி (நாலாவது வரைக்கும்) ஸ்கூல் டீச்சர் தமிழ் மீடியம், யூபி (அஞ்சுல இருந்து ஏழு) ஸ்கூல் டீச்சர் தமிழ் மீடியம், ஹைஸ்கூல் தமிழ்னு தனித்தனிப் போஸ்ட் உண்டு, தமிழும் மலையாளமும் தெரிஞ்சவங்களுக்குன்னே கிளார்க் போஸ்ட் பாலக்காட்டுலயும் இடுக்கிலயும் கூப்புடறாங்க. போட்டி கம்மி. தேவிகுளம் மூணாறு பக்கத்துல இருந்து வந்து இந்தப் போஸ்ட் அடிச்சவங்க நம்ம ஸ்கூல்ல வேலை பாக்கறாங்க.

கஷ்டமும் இருக்கு. பிளஸ் ஒன் போனதும் சயின்ஸ் காமர்ஸ் எல்லாம் இங்கிலீஷ்ல, அங்க போய் முதல் ஆறு மாசம் புள்ளைங்க முழிக்கும். மலையாளம் எழுதத் தெரியலன்னா வில்லேஜ் ஆபீஸ் ஃபாரம் கூட நெரப்ப முடியாது. அதனால நான் சொல்றது, தமிழ் மீடியத்துல போடுங்க, மலையாளத்த விட்டுடாதீங்க, இங்கிலீஷுக்கு அஞ்சாம் வகுப்புல இருந்தாவது நல்ல டீச்சர் வேணும்னு பிடிஏ-ல சண்டை போடுங்க. நம்ம புள்ளைங்க மூணு பாஷை பேசிட்டுத்தான் வளருது, சந்தைல போய் நின்னாலே தெரியும், அத ஸ்கூல் எழுத்தாக்கணும் அவ்வளவுதான்.

எங்க புள்ளைக்கு இங்கிலீஷ் மீடியம்தான் வேணும். அரசாங்கம் தாய்மொழிலதான் படின்னு கட்டாயப்படுத்த முடியுமா?

முடியாது. கர்நாடகா அப்படி உத்தரவு போட்டு, 2014 மே 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு அடிச்சுடுச்சு. தொடக்கப் பள்ளில எந்த மொழில படிக்கணும்னு முடிவு பண்றது பெத்தவங்க, அரசு திணிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

இதே கத்தி மறுபக்கமும் வெட்டும், அத யாரும் சொல்ல மாட்டாங்க. 2019 கடைசில ஆந்திரா அரசாங்கம் கவர்மென்ட் ஸ்கூல்ல எல்லாம் இங்கிலீஷ் மீடியம்தான்னு ரெண்டு அரசாணை போட்டாங்க, 2020 ஏப்ரல்ல ஹைகோர்ட் அத ரத்து பண்ணுச்சு. அதாவது தாய்மொழிய எடுத்துட்டு இங்கிலீஷ மட்டும் வெக்கறதும் திணிப்புதான். நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கம் நம்ம ஆளுங்க இருக்காங்க, அங்க தெலுங்குக்காரங்களே இப்படி கோர்ட்டுக்குப் போனாங்கன்னா தமிழ் மீடியத்துல மிச்சம் இருக்கறவங்க நெலமைய நெனச்சுக்கோங்க. சாசனத்துல 350ஏ-னு ஒரு பிரிவு, மொழிச் சிறுபான்மைப் புள்ளைங்களுக்கு தொடக்கக் கல்வி தாய்மொழில கெடைக்க ஒவ்வொரு மாநிலமும் வசதி பண்ணித் தரணும்னு சொல்லுது. 1956ல மாநிலம் பிரிச்சப்ப, இந்த மாதிரி கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிறவங்களுக்காகவே சேத்தது. நாம கேக்கறப்ப இந்த நம்பரச் சொல்லிக் கேக்கணும்.

ஆறாம் நாள் கணக்குன்னு எங்க ஹெட்மாஷ் ஏன் இப்படிப் பதர்றாரு? வீட்டுக்கே வந்து கூப்புடறாரு.

அவரு பதர்றதுல நியாயம் இருக்கு. கேரளாவுல ஸ்கூல் தொறந்து ஆறாவது வேலை நாள் அன்னைக்கு ரெஜிஸ்டர்ல எத்தனை புள்ளைங்களோ அத வெச்சுத்தான் அந்த வருஷம் எத்தனை டிவிஷன், எத்தனை டீச்சர்னு ஃபிக்ஸ் பண்ணுவாங்க. எல்பில 30 புள்ளைக்கு ஒரு டீச்சர்ங்கறது கணக்கு. ஆதார் நம்பர் ஏறாத புள்ளை கணக்குல வராது. எங்க கடைக்கு ஜூன் முதல் வாரம் வந்து பாருங்க, டீச்சரே புள்ளையக் கையோட கூட்டிட்டு வந்து கைரேகை பதியலன்னு தலைல கை வெச்சு உக்காந்திருப்பாங்க.

தமிழ் மீடியத்துக்கு இது இன்னும் மோசமா அடிக்கும். ஒரு பஞ்சாயத்துல மலையாள மீடியத்துக்குப் புள்ளைங்க கொட்டிக் கெடக்கும், தமிழ் மீடியத்துக்கு அக்கம்பக்கம் நாலு ஊர்ல இருந்து வந்தாத்தான் ஒரு கிளாஸ் நெறையும். ரெண்டு குடும்பம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கெளம்பிட்டா டிவிஷன் போச்சு, டீச்சர் வேற எடத்துக்குப் போவாங்க, டீச்சர் இல்லன்னு அடுத்த வருஷம் இன்னும் நாலு பேரு டிசி வாங்குவாங்க. அப்பறம் புள்ளைங்களே இல்ல, எதுக்குத் தமிழ் மீடியம்னு கேப்பாங்க.

பணம் புள்ளை பின்னாடி போகணும்னு நான் சொன்னேன்ல, இங்க ஏற்கெனவே அப்படித்தான் போகுது, ஆனா வருஷத்துல ஒரே ஒரு நாள் பாத்துட்டுப் போகுது. மூணு வருஷ சராசரிய வெச்சு ஃபிக்ஸ் பண்ணுங்க, மொழிச் சிறுபான்மை டிவிஷனுக்கு எண்ணிக்கைய எளக்குங்கன்னு நாங்க கேக்கறோம். இது பெரிய சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாத காரியம், உத்தரவு போட்டா முடியும்.

டிசி கேட்டா இன்னைக்கு வா நாளைக்கு வான்னு இழுக்கறாங்க, என்ன பண்றது?

மேல சொன்ன ஆறாம் நாள் கதைதான் காரணம், ஜூன் பாதி தாண்டிட்டா தானாக் குடுத்துடுவாங்க. அதுக்காக நீங்க காத்திருக்க வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவுல தெளிவா இருக்கு: கவர்மென்ட் ஸ்கூலுக்கோ எய்டட் ஸ்கூலுக்கோ மாறணும்னு கேட்டா ஹெட்மாஸ்டர் உடனே டிசி குடுக்கணும், டிசி வரலன்னு புது ஸ்கூல் அட்மிஷன இழுத்தடிக்கவோ முடியாதுன்னு சொல்லவோ கூடாது, இழுத்தடிக்கற ஹெட்மாஸ்டர் மேல துறை நடவடிக்கை எடுக்கலாம். 8ஆம் வகுப்பு வரைக்கும் இது செல்லும்.

வாயால கேக்காதீங்க. ஒரு வெள்ளத்தாள்ல தேதி போட்டு எழுதி ரெண்டு காப்பி கொண்டு போங்க, ஒண்ணுல கையெழுத்து சீல் வாங்கிக்கோங்க. சீல் வெக்க மாட்டேன்னா உதவிக் கல்வி அதிகாரி (ஏஇஓ) ஆபீஸுக்கு ரெஜிஸ்டர் தபால். பிரைவேட் ஸ்கூல்ல ஃபீஸ் பாக்கின்னு டிசிய அமுக்கி வெச்சாலும் இதே வழிதான், பாக்கி தனி வழக்கு, புள்ளை படிப்பு தனி.

25% ஃப்ரீ சீட்டுன்னு தமிழ்நாட்டுல சொல்றாங்களே, நமக்கு உண்டா?

கல்வி உரிமைச் சட்டம் இந்தியா முழுக்க ஒண்ணுதான். பிரைவேட் ஸ்கூல்ல தொடக்க வகுப்புல 25% எடம் நலிஞ்ச வீட்டுப் புள்ளைங்களுக்கு, ஃபீஸ அரசாங்கம் ஸ்கூலுக்குக் குடுத்துடும். இதுவும் ஒரு வகை வவுச்சர்தான். தமிழ்நாட்டுல ஆன்லைன்ல போட்டு, வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கான்னு பாத்து, ஆளு எச்சா இருந்தா குலுக்கல் எடுக்கறாங்க, பொதுவா வருமானம் 2 லட்சத்துக்குள்ள. கேரளாவுல அந்த மாதிரி நடைமுறைல வரல, பக்கத்துலயே கவர்மென்ட்டும் எய்டட்டும் இருக்கேங்கறது இங்க சொல்ற நியாயம். அந்தப் பக்கத்து ஸ்கூல்ல தமிழ் மீடியம் இருக்கான்னு கேட்டா பதில் வராது.

நம்ம அட்ரஸ் கேரளான்னா பொள்ளாச்சி பக்கத்து ஸ்கூல்ல இந்தச் சீட்டு கேக்க முடியாது. தமிழ்நாட்டுலயும் எல்லாம் தேன் ஒழுகல. 2025-26ல மத்திய அரசு நிதி வராம அந்த அட்மிஷன் அக்டோபர் வரைக்கும் தொங்குச்சு, அதுக்குள்ள பாதிப் பேரு ஃபீஸ் கட்டி சேத்துட்டாங்க. அப்பறம் சிறுபான்மையினர் நடத்தற ஸ்கூலுக்கு இந்த 25% கெடையாதுன்னு 2014லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அங்க போய் மல்லுக்கு நிக்காதீங்க.

ஸ்கூல்ல அப்பா அம்மாவுக்கே இன்டர்வியூ வெக்கறாங்க. என் வீட்டுக்காரரு படிக்காதவருன்னு சீட்டு இல்லன்னுட்டாங்க. இது சரியா?

சரி இல்ல, சட்டப்படி குத்தம். அதே கல்வி உரிமைச் சட்டத்துல 13ஆம் பிரிவு. புள்ளையவோ பெத்தவங்களவோ வடிகட்டினா முதல் தடவை 25,000 ரூபா வரைக்கும் அபராதம், அடுத்தடுத்து 50,000. டொனேஷன் வாங்கினா வாங்கினதுல பத்து மடங்கு வரைக்கும். ஆனா நடக்குது, எல்லா எடத்துலயும் நடக்குது, சும்மா பேசிப் பாக்கறோம்னு பேரு வெச்சு நடக்குது.

முதல் பதில்ல, தள்ளற உரிமை ஸ்கூலுக்கு இருக்கக் கூடாதுன்னு எழுதினது இதுக்காகத்தான். சிலில வவுச்சர் குடுத்த அரசாங்கம் ஸ்கூல் தேர்ந்தெடுக்கறதத் தடுக்கல, மேல ஃபீஸ் வாங்கறதயும் தடுக்கல. விளைவு, வசதியான புள்ளைங்க ஒரு பக்கம் ஏழைப் புள்ளைங்க ஒரு பக்கம்னு ஸ்கூலே பிரிஞ்சு போச்சு, மாணவருங்க தெருவுல எறங்கிப் போராடி, 2015ல சட்டம் போட்டு அரசுப் பணம் வாங்கற ஸ்கூல் வடிகட்டக் கூடாது, லாபம் எடுக்கக் கூடாது, பெத்தவங்ககிட்ட ஃபீஸையும் படிப்படியா நிறுத்தணும்னு மாத்தினாங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு அதுக்கு. நமக்கு அந்தப் பாடம் இலவசமாவே கெடைச்சிருக்கு.

பேசாம பொள்ளாச்சி கோயமுத்தூர்னு தமிழ்நாட்டு கவர்மென்ட் ஸ்கூல்லயே போட்டுட்டா என்ன? காலைச் சாப்பாடு கூடப் போடறாங்களாம்.

போடலாம், போட்டவங்க இருக்காங்க. 6ல இருந்து 12 வரைக்கும் தமிழ்நாட்டு கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சா மெடிக்கல்ல 7.5% தனி ஒதுக்கீடு இருக்கு, 2020ல வந்த சட்டம், மறு வருஷம் இன்ஜினியரிங்குக்கும் வந்துடுச்சு. பொண்ணுங்க காலேஜ் போனா புதுமைப் பெண்ல மாசம் 1,000, பசங்களுக்கு 2024ல இருந்து தமிழ்ப் புதல்வன். அதுக்கு ஆறாம் வகுப்புலயே முடிவு பண்ணணும், பத்தாவது முடிச்சுட்டு வந்து கேட்டா எதுவும் ஒட்டாது.

ஆனா ஜாதிச் சான்று விஷயத்துல நெறையப் பேரு ஏமாந்து போறாங்க. ஒரு மாநிலத்து ஜாதிச் சான்று இன்னொரு மாநிலத்து இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. சொந்த ஊரு கேரளான்னு பேப்பர்ல இருந்தா, நீங்க இங்க எஸ்சியா ஓபிசியா இருந்தாலும் தமிழ்நாட்டு கவுன்சிலிங்ல பொதுப்பிரிவுல வெச்சுடுவாங்க. அதே புள்ளை கேரளாவுல பொறந்திருந்தா கேரள என்ட்ரன்ஸ்ல கேரளக்காரங்கன்னுதான் கணக்கு, தமிழ்நாட்டுல படிச்சதால அது போகாது. அதனால பொறந்த சான்று எங்கேயும் தொலைச்சுடாதீங்க. நேட்டிவிட்டி எந்தப் பக்கம்னு குழப்பம் இருக்கற வீடு, அதாவது அம்மா தமிழ்நாட்டு உடுமலை அப்பா கேரளா முதலமடைங்கற மாதிரி, எட்டாவதுக்குள்ள தாசில்தார் ஆபீஸ்ல கேட்டு எழுத்துல தெளிவு பண்ணிக்கோங்க.

எல்லாரும் புடிச்ச ஸ்கூலுக்குப் போயிட்டா, கடைசில எங்கயும் போக முடியாத புள்ளைங்க கதி என்னங்க?

இந்தக் கேள்வி கேட்டது ஒரு ரிட்டயர்டு டீச்சர். ஸ்கூல் சாய்ஸுக்கு எதிரா இருக்கறதுல பலமான வாதம் இதுதான். நான் மேல சொன்ன ஆந்திரா சோதனைல, பின்னாடி தங்கின புள்ளைங்களுக்கு மார்க்கு எறங்கலன்னு வந்திருக்கு. ஆனா அது நாலு வருஷத்துல ஒரு பகுதிப் புள்ளைங்க மட்டும் போன கதை, ஸ்கூலே காலியாகிற கதை இல்ல. நம்மூர்ல காலியாகுது. போகப் போக அங்க மிச்சம் இருக்கறது காலனிப் புள்ளைங்களும் தோட்டத்து லயத்துப் புள்ளைங்களும்தான், அந்த ஸ்கூலையே ஊரு ஜாதிப் பேரு சொல்லிக் கூப்புடுது. இது என் காதால கேட்டது, மறைச்சு எழுத முடியாது.

என் பதில் ஒண்ணுதான்: வேன். வசதி இருக்கற புள்ளை வேன்ல போகுதுன்னா காலனிப் புள்ளைக்கும் வேன் வரணும், இல்லன்னா சாய்ஸ்ங்கறது பொய். பக்கத்துல ஸ்கூல் இல்லாத எடத்துல புள்ளைக்குப் போக்குவரத்து ஏற்பாடு பண்றது அரசாங்கத்தோட பொறுப்புன்னு கல்வி உரிமைச் சட்டத்து விதிலயே இருக்கு. ஏழைப் புள்ளைக்கு தலைக்குத் தர்ற தொகை எச்சா இருக்கணும், அப்பத்தான் அந்தப் புள்ளையச் சேக்க ஸ்கூலும் ஆசைப்படும், சிலில 2008ல அப்படி ஒரு கூடுதல் தொகை கொண்டு வந்தாங்க. இது ரெண்டும் இல்லாம வெறும் சாய்ஸ் மட்டும் குடுக்கறோம்னு யாராவது வந்தா நானும் அந்த டீச்சர் பக்கம்தான் நிப்பேன்.

மலையாளத்தக் கட்டாயம் ஆக்கிட்டாங்களே, அப்ப தமிழ் போயிடுமா?

2017ல வந்த சட்டம் 10ஆம் வகுப்பு வரைக்கும் மலையாளம் கத்துக் குடுக்கணும்னு சொல்லுது. தமிழ்நாட்டுல 2006ல தமிழுக்கு இதே மாதிரி சட்டம் போட்டாங்க, அங்க இருக்கற தெலுங்கு மலையாளப் புள்ளைங்க என்ன பொலம்புச்சோ அதத்தான் நாம இப்ப பொலம்பறோம். பயப்பட வேண்டியது மலையாளப் பாடத்தப் பாத்து இல்ல, அதப் படிச்சாத்தான் நல்லது. தமிழ் டீச்சர் ரிட்டயர்டு ஆனா அந்தப் போஸ்ட்ட நெரப்பாம விடறாங்களே, அதப் பாத்துத்தான் பயப்படணும்.

சரி, யார்கிட்டப் போய் என்ன கேக்கணும்?

ஸ்கூல் அளவுல முதல்ல எஸ்எம்சி, அதாவது பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க, மொத்தத்துல பாதி பொம்பளைங்க. மீட்டிங்குன்னா கையெழுத்து வாங்க நோட்ட வீட்டுக்குக் குடுத்து விடறாங்க, போடாதீங்க, நேர்ல போய் உக்காந்து காலிப் போஸ்ட் எத்தனைன்னு மினிட்ஸ்ல எழுத வையுங்க. அடுத்து பஞ்சாயத்து. 90கள்ல அதிகாரப் பரவல் வந்தப்பறம் கவர்மென்ட் பிரைமரி ஸ்கூல் பஞ்சாயத்து கீழ, ஹைஸ்கூல் ஜில்லா பஞ்சாயத்து கீழ. கிராமசபைல ஸ்கூல் வேனுக்குத் தீர்மானம் போடலாம், ரோட்டுக்கும் தெருவிளக்குக்கும் மட்டும்தான் தீர்மானம்னு இல்ல.

கல்வி உரிமைல குறைன்னா உள்ளாட்சி அமைப்புக்கு எழுதிக் குடுங்க, மூணு மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும்னு சட்டம். அதுல திருப்தி இல்லன்னா மாநிலக் குழந்தை உரிமை ஆணையம். தமிழ்லயே எழுதலாம். தமிழ்ச் சிறுபான்மை இருக்கற எடத்துல ஆபீஸுக்குத் தமிழ்ல எழுதலாம்னு கேரள ஆட்சிமொழிச் சட்டத்துலயே எடம் இருக்கு, திருப்பி அனுப்பினா அதையும் ஒரு புகாரா எழுதுங்க.

இப்படியெல்லாம் எழுதிக் குடுத்தா மாஷ் கோவிச்சுட்டுப் புள்ளையப் பழி வாங்க மாட்டாரா?

ஒருத்தர் பேர்ல குடுத்தா அந்தப் பயம் நியாயம்தான். பத்து அம்மாமாருங்க சேந்து கையெழுத்துப் போட்டுக் குடுங்க, யார் வீட்டுப் புள்ளைன்னு அவரு தேட முடியாது. அது போக, காலிப் போஸ்ட்டுக்கும் டிவிஷனுக்கும் கேட்டா மாஷ் உள்ளுக்குள்ள சந்தோஷப்படுவாரு, அவரு வாயால மேலிடத்துல கேக்க முடியாதத நீங்க கேக்கறீங்க. எங்க ஸ்கூல்ல அப்படிக் குடுத்தப்ப மனுவுல எழுத்துப்பிழைய அவரேதான் திருத்திக் குடுத்தாரு. வெள்ளத்தாளும் பேனாவும் நம்ம கடைல இருக்கு, மனு எழுத நான் காசு வாங்கறதில்ல, ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வாங்க, காலைல ரேஷன் கார்டு கூட்டம் தாங்காது.